பொட்டிப்புரம் நியூட்ரினோ: உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

தேனி மாவட்டம் பொட்டிப்புரத்தில், அம்பரப்பர் கரட்டைக் குடைந்து நியூட்ரினோ ஆய்வகம் அமைக்கும், இன்னும் நிறைவேறாத திட்டம் பற்றிக் கேள்விகள் வந்திருக்கின்றன. முப்பது ஆண்டுகள் கல்லூரியில் இயற்பியல் கற்பித்தவன் நான். அந்தத் திட்டத்தில் எனக்குப் பதவியும் இல்லை, பணமும் இல்லை. இயற்பியலும், அதை மக்களிடம் பேசும் விதமும் எனக்குத் தெரிந்தவை. வழக்கு நுணுக்கங்களை வழக்கறிஞர்களிடம் கேளுங்கள்.

கேள்வி (சின்னமனூர்): நியூட்ரினோ கதிரால் புற்றுநோய் வரும் என்கிறார்களே ஐயா, உண்மையா?

இல்லை. இன்று பலமுறை சொல்ல வேண்டிவரும், முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: நியூட்ரான் வேறு, நியூட்ரினோ வேறு. அணுக்கருவைப் பிளந்து அணு உலையை ஓட்டுவது நியூட்ரான். நியூட்ரினோவோ மின்னூட்டமற்ற, மிக மிக லேசான துகள்; ஏறக்குறைய எதன்மீதும் மோதாமல் கடந்து போவது. சூரியனிலிருந்து வரும் நியூட்ரினோக்கள் மட்டுமே உங்கள் கட்டைவிரல் நகத்தளவு இடத்தை நொடிக்குச் சுமார் 6,500 கோடி கடக்கின்றன. இரவில் அவையே பூமியைத் துளைத்துக்கொண்டு கட்டிலுக்கு அடியிலிருந்து வருகின்றன. ஒரு மனிதனின் ஆயுளில் அவற்றில் ஒன்றிரண்டு அவன் உடலில் மோதினால் அதிகம். ஆய்வகம் கட்டினாலும் கட்டாவிட்டாலும் இந்தக் கணக்கு மாறாது. அங்கே நியூட்ரினோவை உண்டாக்கப் போவதில்லை. வருவதைப் பிடிக்கத்தான் 50,000 டன் இரும்பு.

கேள்வி (திண்டுக்கல்): அப்படியானால் மலைக்குள் ஏன் போக வேண்டும்?

வானிலிருந்து மியூவான் என்ற துகள்கள் மழைபோல் பொழிகின்றன. உள்ளங்கையை நீட்டினால் நொடிக்கு ஒன்றிரண்டு கடந்துவிடும். அந்த இரைச்சலில் நியூட்ரினோவின் மெல்லிய குரல் கேட்காது. எல்லாப் பக்கமும் ஒரு கிலோமீட்டர் பாறை இருந்தால் மியூவான்கள் பெரும்பாலும் நின்றுவிடும், நியூட்ரினோ மட்டும் வந்துசேரும். அம்பரப்பர் கரடு சார்னோகைட் என்னும் உறுதியான பாறை, அதனால்தான் தேர்ந்தெடுத்தார்கள்.

இது நமக்குப் புதிதும் அல்ல. காற்றுமண்டலத்தில் உண்டாகும் நியூட்ரினோக்களை உலகில் முதலில் பதிவு செய்த இடங்களில் ஒன்று கோலார் தங்கச் சுரங்கம். 1965-இல், சுமார் 2.3 கிலோமீட்டர் ஆழத்தில் பதிவானது. அந்தச் சுரங்கத்தில் உழைத்தவர்களில் பெரும்பகுதி வட ஆர்க்காட்டிலிருந்து போன தமிழ்த் தொழிலாளர் குடும்பங்கள். அந்தக் கதையை நம் பாடப்புத்தகங்கள் ஏன் சொல்வதில்லை என்று எனக்கு இன்றும் வருத்தம்.

கேள்வி (கம்பம்): அணுக்கழிவைக் கொட்டத்தான் சுரங்கம் என்று கேள்விப்பட்டேன்.

கிடையாது. உள்ளே இருக்கப்போவது இரும்புத் தகடுகள், கண்ணாடித் தகடுகள், அவற்றுக்கிடையே வாயு, மின்கருவிகள். நியூட்ரான் வேறு, நியூட்ரினோ வேறு.

கேள்வி (சென்னை, ஓய்வுபெற்ற பொறியாளர்): மக்களுக்கு அறிவியல் தெரியாததால்தான் இந்தத் திட்டம் கெட்டது. ஊர் ஊராகப் போய்ப் பாடம் நடத்தியிருந்தால் எதிர்ப்பே வந்திருக்காது. சரிதானே?

சரியில்லை. நானே பாடம் நடத்திப் பார்த்தவன் என்பதால் சொல்கிறேன்.

மலையடிவாரத்து ஊர் ஒன்றின் சமுதாயக் கூடத்தில் நாற்பது நிமிடம் பேசினேன். படம் காட்டினேன், சூரியனை விளக்கினேன். முன்வரிசையில், காட்டு வேலை முடித்து நேராக வந்திருந்த ஒரு அம்மா. கால் விரல்களில் செம்மண் காய்ந்திருந்தது. முழுவதும் கேட்டுவிட்டு எழுந்தார். "வாத்தியாரய்யா, கண்ணுக்குத் தெரியாதது கிடக்கட்டும். வேலி எதுவரை வரும்? என் ஆடுகள் எந்தப் பக்கம் போகும்?" என்றார்.

என்னிடம் பதில் இல்லை. திட்டத்துக்கு ஒதுக்கியது சுமார் 26 ஹெக்டேர் என்று தெரியும். வேலியின் கோடு தெரியாது, வரைபடத்தைக் கொண்டுபோகக்கூட எனக்குத் தோன்றவில்லை. அவர் அறியாமையால் கேட்கவில்லை. அந்த அறையில் அவருக்கு எது முக்கியமோ அதைக் கேட்டார். நான் எனக்கு முக்கியமானதைச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

இங்கிலாந்தில் நடந்ததையும் பாருங்கள். 1986-இல் செர்னோபில் அணு உலை விபத்தின் கதிரியக்கத் தூசு கம்பிரியா மலைகளில் மழையோடு இறங்கியது. செம்மறிகளை விற்பதற்கான தடை மூன்று வாரத்தில் நீங்கிவிடும் என்றார்கள். அது களிமண் நிலத்தை வைத்துப் போட்ட கணக்கு. மேட்டுநிலத்தின் கரிச்சேற்று மண்ணில் சீசியம் என்ற கதிரியக்கப் பொருள் புல்லுக்குத் திரும்பத் திரும்ப ஏறியது. கடைசிப் பண்ணைகளுக்குத் தடை நீங்கியது 2012-இல். தங்கள் மண்ணும் மந்தையும் எப்படி என்று சொன்ன மேய்ப்பர்களிடம் காது கொடுத்திருக்க வேண்டும்.

அதே பொறியாளர்: நீங்கள் எதிர்ப்பாளர்களுக்கு வக்காலத்து வாங்குகிறீர்கள். சுற்றுச்சூழல் அனுமதி எல்லாம் வெறும் காகித வேலை.

காகித வேலை என்று நினைத்ததுதான் வினை. சுற்றுச்சூழல் மதிப்பீட்டைச் செய்தது கோவையின் சாலிம் அலி மையம். பறவைகளையும் காட்டுயிர்களையும் ஆராய்வதில் பேர்பெற்ற நிறுவனம்; ஆனால் இப்படிப்பட்ட மதிப்பீட்டுக்கான அங்கீகாரம் அதற்கு இல்லை. கேரளத்தின் மதிகெட்டான் சோலை தேசியப் பூங்கா ஐந்து கிலோமீட்டருக்குள் இருக்கிறது. 2017 மார்ச்சில் பசுமைத் தீர்ப்பாயம் அனுமதியை நிறுத்திவைத்தது. மறு ஆண்டு மார்ச்சில் மத்திய அரசு சிறப்பு நேர்வு என்று சொல்லி, 'கட்டடக் கட்டுமானம்' என்ற வகையிலேயே அனுமதி தந்தது. இரண்டு கிலோமீட்டர் சுரங்கத்தைக் கட்டடம் என்று எழுதிய தாளை ஒரு விவசாயி படித்தால், மற்ற தாள்களை எப்படி நம்புவார்? இயற்பியலில் ஒரு பிழையும் இல்லாத ஆய்வாளர்கள் இந்த இடத்தில்தான் நம்பிக்கையை இழந்தார்கள்.

கேள்வி (மதுரை, சூழலியல் ஆர்வலர்): ஆக, அவர்கள் பொய்யர்கள் என்று ஒப்புக்கொள்கிறீர்கள்!

இல்லை, என் வாயில் அதைத் திணிக்காதீர்கள். நடைமுறையில் குறை வைப்பது வேறு, பொய் சொல்வது வேறு. அணுக்கழிவு, புற்றுநோய், நியூட்ரினோ ஆயுதம் என்று மேடையில் முழங்கியவர்கள் சொன்னதுதான் பொய். அதைக் கேட்டுப் பயந்த கர்ப்பிணிகளுக்கு யார் பதில் சொல்வது? உங்கள் பக்கம் வலுவான வாதம் இருந்தது. மதிகெட்டானையும் பெரியாறு புலிகள் காப்பகத்தையும் இணைக்கும் புலிகளின் வழித்தடத்தைச் சுட்டித்தான் 2022-இல் தமிழக அரசு உச்ச நீதிமன்றத்தில் திட்டத்தை மறுத்தது. அந்த வாதத்துக்குக் கதிர்வீச்சுப் பயம் ஒரு சொட்டும் தேவைப்படவில்லை. உண்மையான காரணம் கையில் இருக்கும்போது பொய்யான காரணத்தைப் பரப்பினால், நாளைக்கு நிஜமான கதிரியக்க ஆபத்து வரும்போது உங்களையும் யாரும் நம்ப மாட்டார்கள்.

பொறியாளர்: அப்படியானால் ஆய்வாளர்கள் என்னதான் செய்திருக்க வேண்டும்?

இடம் முடிவாகும் முன்பே போயிருக்க வேண்டும். முடிவான பிறகு நடத்துவது விளக்கக் கூட்டம்தான். அங்கே மக்கள் தலையாட்டலாம் அல்லது எழுந்து போகலாம், வேறொன்றும் செய்ய முடியாது. இதற்கு முன்பு நீலகிரியில் சிங்காராவைப் பார்த்தார்கள், முதுமலைப் புலிகள் காப்பகத்தின் அருகே என்பதால் 2009-இல் அது மறுக்கப்பட்டது. காடும் புலியும் குறுக்கே வரும் என்பது அப்போதே தெரிந்துவிட்டது. பொட்டிப்புரத்தில் வேலி, தண்ணீர், வெடிவைப்பின் அதிர்வு, வெட்டிய பாறையை ஏற்றிச் செல்லும் லாரிகளின் பாதை, இவற்றைப் பற்றிய தாளை முதலில் தமிழில் ஊர்க்காரர் கையில் கொடுத்துவிட்டு, நியூட்ரினோவைப் பிறகு பேசியிருக்கலாம்.

கேள்வி (தேவாரம்): வெடிவைத்தால் முல்லைப் பெரியாறு அணை உடையுமா?

நான் துகள் இயற்பியல் படித்தவன். இதைப் பாறைப் பொறியியலாளரிடம் கேளுங்கள்.

கேள்வி (பெயர் தரவில்லை): நியூட்ரினோ அணு உலை எப்போது திறக்கிறார்கள்?

அது அணு உலை அல்ல. நியூட்ரான் வேறு, நியூட்ரினோ வேறு. தயவுசெய்து முதல் பதிலைப் படித்துவிட்டுக் கேளுங்கள். இது மூன்றாவது முறை.

கேள்வி (தேனி, கல்லூரி மாணவி): ஐயா, ஆய்வகமே வராதபோது நான் இந்தத் துறையைப் படித்து என்ன பயன்?

படியுங்கள் அம்மா. சீனாவின் ஜூனோ என்னும் நியூட்ரினோ ஆய்வகம், 20,000 டன் திரவத்தோடு 2025-இல் தரவு எடுக்கத் தொடங்கிவிட்டது. நாம் கண்டறிய நினைத்த நியூட்ரினோ நிறை வரிசையை, அதாவது நியூட்ரினோ வகைகளில் எது கனம், எது லேசு என்பதைத்தான் அதுவும் தேடுகிறது. அதில் நாம் பின்தங்கிவிட்டோம், மறைக்க ஒன்றுமில்லை. ஆனால் மதுரையில் 85 டன் இரும்பு அடுக்குகளோடு ஒரு முன்மாதிரிக் கருவி கட்டினார்கள். இரும்புத் தகடுகளுக்கு நடுவே கண்ணாடிப் பெட்டிகள். ஒரு மியூவான் கடந்தால் அடுக்கடுக்காகப் புள்ளிகள் பதிவாகும், காந்தப்புலத்தில் அந்தப் புள்ளிவரிசை லேசாக வளையும். அதன் வளைவை அளக்கக் கற்றுக்கொண்டால் உலகின் எந்தக் கருவிக்கும் நீங்கள் போகலாம். உங்கள் துறைத்தலைவரிடம் கடிதம் வாங்கிக்கொண்டு, பார்க்க அனுமதி கேட்டு எழுதுங்கள். போகும்போது உங்கள் ஊர்க்காரர் ஒருவரையும் அழைத்துக்கொண்டு போங்கள்.