ஹெலிகாப்டரில் மாடு ஓட்டுவதில் அப்படி என்ன ஆபத்து?

"தாழ்வாகத்தானே பறக்கிறார்கள், விழுந்தாலும் பிழைத்துக்கொள்ளலாமே?" என்று கேட்டிருக்கிறீர்கள். அந்தத் தாழ்வுதான் ஆளைக் கொல்கிறது.

ஆஸ்திரேலியாவின் வடக்கில் ஒரே பண்ணை பல ஆயிரம் சதுர கிலோமீட்டர் இருக்கும். அங்கே சிதறி மேயும் மாடுகளைத் திரட்டி ஓட்டிவருவது குதிரையில் நாள்கணக்காகும்; அந்த வேலையை ராபின்சன் ஆர்22 என்ற இரண்டு இருக்கை ஹெலிகாப்டர் சில மணி நேரத்தில் முடித்துவிடும். இன்ஜின் நின்றுபோனாலும், இறங்கும்போது கீழிருந்து வரும் காற்றிலேயே மேல்விசிறியைச் சுழலவிட்டுப் பத்திரமாகத் தரையிறங்கலாம். அதற்கு உயரம் வேண்டும், இல்லாவிட்டால் முன்னோக்கிய வேகமாவது வேண்டும். மர உச்சியை ஒட்டி, ஏறக்குறைய நின்றபடி மாடு விரட்டுபவரிடம் இரண்டும் கிடையாது. ஆர்22இன் விசிறி வேறு எடை குறைந்தது, சுழற்சி சட்டென்று விழுந்துவிடும். சுதாரிக்கக் கிடைப்பது ஓரிரு நொடிதான்.

ஒரு காளை கூட்டத்தைப் பிரிந்து புதருக்குள் ஓடுகிறது என்று வையுங்கள். விமானியின் கண் முழுக்க அதன் மேல். சரேலென்று திருப்புகிறார், காற்று பின்பக்கமிருந்து அடிக்கிறது, ஹெலிகாப்டர் கீழே அமிழ்கிறது. எதிரே மரக்கிளையோ, வெயிலில் கண்ணுக்கே தெரியாத மின்கம்பியோ இருக்கலாம். நாளெல்லாம் இப்படி விசையை ஏற்றி இறக்குவதால், இன்ஜின் சக்தியை விசிறிக்குக் கடத்தும் பெல்ட்டுகளும் கடுமையாக அடிவாங்குகின்றன. அவை பழுதாகி நேர்ந்த விபத்துகள் உண்டு.

எனக்கு இதைவிடக் கவலை தருவது விழுந்த பிறகு என்ன என்பதுதான். ஆஸ்பத்திரி நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி இருக்கும், போனில் சிக்னல் இருக்காது. அதனால் ஹெல்மெட், உடம்போடு கட்டிய அவசர சமிக்ஞைக் கருவி, குறித்த நேரத்தில் ரேடியோவில் குரல் கொடுப்பது, இந்த மூன்றும் இல்லாமல் யாரும் கிளம்பவே கூடாது.