357 கிராம் கேக்கும் கஸ்டம்ஸ் ரசீதும்

சீனத் தேயிலையை வெளிநாட்டுக் கடைகளிலிருந்து இணையம் வழியாக வரவழைப்பது பற்றிப் பெங்களூரு வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இந்த இதழில் பதில்.

கே: சீனாவின் யுன்னானில் இருக்கும் ஒரு கடையின் தளத்தில் 250 கிராம் டீ 60 டாலர், அனுப்பும் செலவு 22 டாலர் என்று காட்டுகிறது. வீடு வந்து சேர மொத்தம் எவ்வளவு ஆகும்? (வாசகி, அல்சூர்)

ப: 82 டாலரோடு முடியாது. கிரெடிட் கார்டில் அந்நியச் செலாவணிக்கு வங்கி பிடிக்கும் கட்டணம் பெரும்பாலும் 3.5 சதவீதம். அந்தக் கட்டணத்தின் மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. இதிலேயே 82 என்பது 85-ஐத் தாண்டிவிடும். அடுத்தது சுங்க வரி. இது டீயின் விலைக்கு மட்டும் போடுவதில்லை; அனுப்பும் செலவையும் சேர்த்த தொகைக்குத்தான் வரி. சொந்த உபயோகத்துக்குத் தபாலிலோ விமானத்திலோ வரும் பொருளுக்கு 9804 என்று தனித் தலைப்பு உண்டு. அதன் விகிதத்தைப் பட்ஜெட்டில் மாற்றுகிறார்கள் என்பதால், ஆர்டர் போடும் அன்றே சுங்கத் துறையின் தளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். தேயிலைக்கென்றே உள்ள தலைப்பு 0902. அதில் அடிப்படை வரி மட்டுமே 100 சதவீதம். கூரியர்காரர்கள் அடையாள ஆவணம் கேட்டுத் தொடர்புகொள்ளும்போது “சொந்த உபயோகத்துக்கு, 9804-இல் போடுங்கள்” என்று மின்னஞ்சலிலேயே எழுதிக் கொடுத்துவிடுங்கள். சுங்க பில் போட்ட பிறகு மாற்றுவது பெரும்பாடு.

எதற்கும் டீயும் அனுப்பும் செலவும் சேர்ந்த தொகையில் பாதியை வரிக்கென்று ஒதுக்கி வையுங்கள். உங்கள் கணக்கில் அது 41 டாலர். ஆக மொத்தம் சுமார் 126. கடைப் பக்கத்தில் கிராம் 24 சென்ட். உங்கள் வாசலில் கிராம் 50 சென்ட். டீ கட்டுப்படியாகுமா என்பதை இந்த இரண்டாவது எண்ணை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

எடையையும் கவனியுங்கள். சீன அஞ்சல் துறையின் ஈ.எம்.எஸ். என்ற விரைவு அஞ்சலின் கட்டணம் 500 கிராம் படியாக ஏறும், அட்டைப்பெட்டியின் எடையும் அதில் சேரும். 357 கிராம் கேக் (வட்டாக அமுக்கிய தேயிலை) ஒன்றோடு 25 கிராம் மாதிரிப் பொட்டலம் ஒன்றிரண்டு என்றால், பெட்டி லேசாக இருந்தால் முதல் படிக்குள் அடங்கலாம். இரண்டு கேக் போட்டால் அடுத்த படிக்குப் போகும். தனியார் கூரியரில் இன்னொரு சங்கடம்: நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி 5000-ஆல் வகுத்து, அது உண்மையான எடையைவிட அதிகமானால் அதையே கிலோ எடையாகக் கொள்வார்கள். உதிரி வெள்ளைத் தேயிலை 200 கிராம்தான் இருக்கும். 30×25×20 பெட்டியில் வந்தால் 3 கிலோவுக்குக் கட்டணம். இலை நொறுங்காமல் இருக்கத்தான் பெரிய பெட்டி போடுகிறார்கள், அதில் தப்பில்லை. அதே டீயை அமுக்கிய கேக்காகக் கேட்டு வாங்குங்கள்.

நம் ஊர்ப் பெயர்களால் வரும் சிக்கலையும் சொல்ல வேண்டும். கடைத் தளங்கள் முதல் பெயர், கடைசிப் பெயர் என்று இரண்டு கட்டம் கேட்கும். நாம் இனிஷியலைப் போட்டுவிடுவோம். ஆதாரில் அப்பா பெயர் முழுதாக விரிந்திருக்கும், பான் அட்டையில் வேறு மாதிரி இருக்கும். பார்சல் மேல் உள்ள பெயர் ஆவணத்தோடு ஒத்துப்போகவில்லை என்றால் அங்கேயே நிறுத்திவிடுவார்கள். எந்த ஆவணத்தைக் காட்டப் போகிறீர்களோ அதில் உள்ளபடியே எழுத்து மாறாமல் பெயரைக் கொடுங்கள்.

கே: “அன்பளிப்பு என்று போட்டு, விலையை 10 டாலராகக் காட்டி அனுப்பட்டுமா?” என்று கடைக்காரர் கேட்கிறார். சரி சொல்லலாமா? (வாசகர், சிவாஜிநகர்)

ப: வேண்டவே வேண்டாம். 5,000 ரூபாய் வரையிலான அன்பளிப்புகளுக்கு இருந்த விலக்கு, ராக்கி, உயிர்காக்கும் மருந்து தவிர மற்றதற்கெல்லாம் 2019 டிசம்பரோடு போய்விட்டது. அதிகாரி சந்தேகப்பட்டால் நீங்கள் பணம் கட்டிய ரசீதைக் கேட்பார். பார்சல் தொலைந்தால் நஷ்டஈடும் எழுதிய 10 டாலருக்குத்தான். “உண்மையான பில்லை வெளியே ஒட்டுங்கள், உள்ளே தேயிலை மட்டும் வையுங்கள்” என்று சொல்லுங்கள். இலவசமாகச் சாமந்திப்பூ, பழத்தோல், விதை எதையும் சேர்க்க வேண்டாம் என்றும் சொல்லிவிடுங்கள். தாவரத் தனிமைப்படுத்தல் சோதனைக்குப் போனால் அந்தச் சின்னப் பொட்டலத்துக்காக மொத்தப் பெட்டியும் காத்துக் கிடக்கும்.

கே: அலிஎக்ஸ்பிரஸ் ஏன் திறப்பதில்லை?

ப: இந்தச் சீன இணையக் கடையும் 2020 நவம்பரில் மத்திய அரசு தடை செய்த 43 செயலிகளில் ஒன்று. சொந்தத் தளம் வைத்திருக்கும் தேயிலைக் கடைகளிடம் வாங்குங்கள். பேபால் வழியாகக் கட்டினால் 180 நாளுக்குள் புகார் கொடுக்க வழி இருக்கிறது. கார்டில் வெளிநாட்டுப் பரிவர்த்தனையை வங்கிச் செயலியில் முதலில் திறந்துவிடுங்கள்; பலருக்கும் பணம் போகாமல் நிற்பது இதனால்தான்.

கே: 48 டாலருக்கு ஒரு பூஆர் (வைத்துப் பழுக்கவிடும் யுன்னான் தேயிலை) கேக் பார்த்தேன். உறையில் 7542 என்று இருக்கிறது. 1975-ஆம் ஆண்டுத் தேயிலை என்று நம்பலாமா? (வாசகர், ஜெயநகர்)

ப: அந்த எண் தயாரித்த ஆண்டு அல்ல. 75 என்பது இந்தக் கலவை முறை உருவான ஆண்டு, 4 என்பது இலையின் தரம், கடைசி 2 மெங்ஹாய் தொழிற்சாலையின் எண். 1 என்றால் குன்மிங், 3 என்றால் ஷியாகுவான். 7542-ஐ இன்றைக்கும் தயாரிக்கிறார்கள். தயாரித்த தேதி உறையின் பின்பக்கம் முத்திரையாக இருக்கும். கூடவே தொகுப்பு எண்ணும் வரும்: 1501 என்றால் 2015-இன் முதல் தொகுப்பு. பின்பக்கத்தின் படத்தையும், கேக்குக்குள் பதிந்திருக்கும் சிறு சீட்டின் படத்தையும் கேளுங்கள். 48 டாலருக்கு அண்மை ஆண்டுச் சரக்கு கிடைக்கலாம். உண்மையான எழுபதுகளின் கேக் அந்த விலைக்குக் கிடைக்கவே கிடைக்காது. லாவ்பன்ஜாங் (பூஆருக்குப் பெயர்போன ஊர்), முதுமரத்து இலை என்று எழுதி 30 டாலருக்கு விற்பதையும் இப்படியே ஒதுக்குங்கள்.

இன்னொன்று, 7542 பச்சைப் பூஆர், அதாவது தொழிற்சாலையில் பழுக்கவைக்காதது. புதுசாகக் குடித்தால் கசப்பும் துவர்ப்பும் தூக்கலாக இருக்கும். முதன்முதலாக வாங்குகிறவர் 7572 போன்ற பழுக்கவைத்த பூஆரில் 25 கிராம் மாதிரி வாங்கிப் பார்ப்பது நல்லது. கேக்காக வாங்குவது அதற்கப்புறம்.

கே: நல்ல விலை கொடுத்து வாங்கிய லோங்ஜிங் (சீனப் பச்சைத் தேயிலை) சப்பென்று இருக்கிறது. மேலே ஆடை மாதிரி படிகிறது. ஏமாந்துவிட்டேனா? (வாசகி, ஒயிட்ஃபீல்டு)

ப: தேயிலையைக் குறை சொல்லுமுன் தண்ணீரைப் பாருங்கள். டேங்கரில் வரும் போர்வெல் தண்ணீரில் சுண்ணாம்புச் சத்து அதிகம். அது தேயிலைச் சாற்றோடு சேர்ந்துதான் மேலே பளபளவென்று ஆடை கட்டுகிறது, மணமும் அமுங்கிப்போகிறது. ஆர்.ஓ. தண்ணீரை மட்டும் ஊற்றினாலும் சுவை எழும்பாது. ஆர்.ஓ. மூன்று பங்கு, காவிரித் தண்ணீர் ஒரு பங்கு என்று கலந்து, தண்ணீரில் கரைந்த உப்பைக் காட்டும் டி.டி.எஸ். மீட்டரில் 50-லிருந்து 100-க்குள் வருகிறதா என்று பாருங்கள்.

பிறகு சூடு. 3 கிராம் இலைக்கு 150 மில்லி தண்ணீர், 80 டிகிரி. கொதித்ததை ஒரு டம்ளருக்கு மாற்றி ஓரிரு நிமிடம் ஆறவிட்டால் கிட்டத்தட்ட அந்தச் சூட்டுக்கு வந்துவிடும். பூஆருக்கு இதற்கு நேர்மாறு. கடல்மட்டத்திலிருந்து 900 மீட்டர் உயரத்தில் இருக்கும் நம் ஊரில் தண்ணீர் 97 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது. அதை ஆறவிடக் கூடாது. 100 மில்லி மூடிக்கிண்ணத்தில் 5 கிராம் போட்டு, கொதிநீர் ஊற்றி 5 வினாடியில் கோப்பையில் வடித்துவிடுங்கள். அடுத்து 10 வினாடி, அதற்கடுத்து 15. ஏழெட்டு முறை ஊறும்.

இத்தனைக்குப் பிறகும் சப்பென்றே இருந்தால், பழைய சரக்காக இருக்கலாம். லோங்ஜிங்கில் உயர்ந்த பறிப்பு, ஏப்ரல் 4 அல்லது 5-இல் வரும் சிங்மிங் நாளுக்கு முன் முடிந்துவிடும். பிப்ரவரியில் “புதுசு” என்று விற்பது போன வருடத்து இலை. ஏப்ரல் பாதிக்கு மேல் ஆர்டர் போடுங்கள். சீனப் புத்தாண்டை ஒட்டிய இரண்டு வாரமும் அக்டோபர் முதல் வாரமும் கடைகள் அனுப்ப மாட்டா.

கே: இரண்டு வாரமாகத் தபால் பார்சல் “கஸ்டம்ஸில் உள்ளது” என்றே காட்டுகிறது.

ப: 13 எழுத்து கொண்ட கண்காணிப்பு எண்ணை இந்திய அஞ்சல் தளத்தில் போட்டு, எந்த வெளிநாட்டு அஞ்சலகத்தில் நிற்கிறது என்று பாருங்கள். நம் ஊர்ச் சாமராஜபேட்டை என்றால் எண், பில், பணம் கட்டிய ரசீது, அடையாள அட்டை நகல் நான்கையும் எடுத்துக்கொண்டு நேரில் போவதுதான் வேகமான வழி. டெல்லி, மும்பை என்றால் இவற்றையே மின்னஞ்சலில் அனுப்புங்கள். விடுவித்த பிறகு வரியைத் தபால்காரரிடம் கட்டலாம். ரசீதை வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். அடுத்த ஆர்டருக்குக் கணக்குப் போட அதைவிட நல்ல ஆதாரம் இல்லை.

கே: எல்லாவற்றையும் ஃப்ரிட்ஜில் வைக்கலாமா? (வாசகி, ராமமூர்த்தி நகர்)

ப: லோங்ஜிங் போன்ற பச்சைத் தேயிலையை வைக்கலாம், காற்றுப் புகாத உறையில் மட்டும். இட்லி மாவும் மல்லிகைப்பூவும் இருக்கும் ஃப்ரிட்ஜில் கிளிப் போட்ட பொட்டலம் வைத்தால் ஒரே வாரத்தில் இரண்டு வாசனையும் டீயில் ஏறிவிடும். எடுத்த உடனே பிரிக்காதீர்கள். ஒரு மணி நேரம் வெளியே வைத்துப் பிரித்தால்தான் உள்ளே நீர் கோக்காது.

பூஆரை ஃப்ரிட்ஜில் வைக்கவே கூடாது. அது மூச்சு விட்டுக்கொண்டே பழுக்க வேண்டிய தேயிலை. மூடியுள்ள பானையிலோ அட்டைப்பெட்டியிலோ, வெயில் படாமல், பெருங்காயமும் கற்பூரமும் இல்லாத அலமாரியில் வையுங்கள். பக்கத்தில் சின்ன ஈரப்பதமானி ஒன்று: 60–65 சதவீதம் நல்லது, மழைக்காலத்தில் 75-ஐத் தாண்டினால் பெட்டியை உலர்ந்த அறைக்கு மாற்றுங்கள். செங்கல் வடிவில் அமுக்கிய ஃபூ தேயிலைக்குள் மஞ்சள் பொட்டாகத் தெரிவதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், அதை வேண்டுமென்றேதான் வளர்க்கிறார்கள். வெள்ளையாகவோ பச்சையாகவோ பஞ்சு போலப் படர்ந்து, பாசி வாடை அடித்தால் அது பூஞ்சணம். சுரண்டிவிட்டுக் குடிக்காமல் முழுவதையும் தூக்கிப் போடுங்கள்.