பெல்ஹாம் ரயிலில் இரண்டு தடவை

கேள்வி: ‘தி டேக்கிங் ஆஃப் பெல்ஹாம் 123’, 2009-இல் வந்த ரீமேக்கைப் பார்த்தேன். டென்சல் வாஷிங்டன், ஜான் டிரவோல்டா, இயக்கம் டோனி ஸ்காட். இத்தனை பேர் இருந்தும் முடிந்தபோது சப்பென்று இருந்தது. கோளாறு என்னிடமா, படத்திலா?

பதில்: படத்தில்தான். முதல் அரை மணி நேரம் நானும் வாய் பிளந்துதான் பார்த்தேன். நியூயார்க் சுரங்க ரயிலின் ஒரு பெட்டியைப் பயணிகளோடு பிடித்து வைத்துக்கொண்டு, ஒரு மணி நேரத்தில் ஒரு கோடி டாலர் கேட்கிறார் டிரவோல்டா. மைக்கின் மறுமுனையில், கட்டுப்பாட்டு அறை ஊழியர் டென்சல். கேமரா சுழல்கிறது, காட்சி உறைகிறது, மிச்சமிருக்கும் நிமிடங்கள் திரையில் வந்து விழுகின்றன. சரி, அப்புறம்?

ஜப்பான் ரயில் பெட்டி ஒப்பந்தத்தில் லஞ்சம் வாங்கியதாக டென்சல் மேல் விசாரணை நடக்கிறது. ஒரு பயணியின் தலையில் துப்பாக்கியை வைத்து, உண்மையைச் சொல் என்கிறான் வில்லன். வாங்கினேன் என்று சொல்ல வேண்டியதாகிறது. சக ஊழியர்கள் எல்லோரும் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். எனக்கு வயிற்றைப் பிசைந்த ஒரே காட்சி அதுதான். திரைக்கதை அங்கேயே உட்கார்ந்திருக்க வேண்டும். மாறாக, அந்த அலுவலக மனிதர் கையில் துப்பாக்கியைக் கொடுத்து மன்ஹாட்டன் பாலம் வரை ஓட விடுகிறது. கடைசியில் மேயர் ஆதரவாக நாலு வார்த்தை பேச, லஞ்சக் கதை அத்தோடு காலி.

வில்லனும் அப்படித்தான். நகரம் பதறினால் பங்குச் சந்தை சரியும், தங்கம் ஏறும், அதில் லாபம் பார்க்கலாம் என்று கணக்குப் போட்டவன். அவனே பாலத்தில் நின்று ‘என்னைச் சுடு’ என்கிறான். இதற்கா அத்தனை கணக்கு? பணத்தைக் காரில் அனுப்பி விபத்தானதும், ஏன் ஹெலிகாப்டரில் அனுப்பவில்லை என்று மேயரே கேட்கிறார். நாம் கேட்க வேண்டியது!

கேள்வி: யார் எழுதியது?

பதில்: ‘எல்.ஏ. கான்ஃபிடென்ஷியல்’ திரைக்கதைக்காக கர்டிஸ் ஹான்சனோடு ஆஸ்கரைப் பகிர்ந்துகொண்ட அதே பிரையன் ஹெல்கலாண்ட். நம்ப மாட்டீர்கள், நானும் பெயரை இரண்டு தடவை பார்த்தேன்.

கேள்வி: 1974-இல் வந்த மூலப்படம் மெதுவாகப் போகுமோ?

பதில்: 104 நிமிடம்தான், ரீமேக்கைவிட நீளமில்லை. ஜோசப் சார்ஜென்ட் இயக்கியது. அதில் கேட்பது பத்து லட்சம் டாலர். கடத்தல் தலைவனாக ராபர்ட் ஷா குரலை உயர்த்துவதே இல்லை, பயம் அதனால்தான் வருகிறது. சுரங்கத்துக்குள் தானாகப் போய் மாட்டிக்கொண்டவன் எப்படி வெளியே வருவான்? ஓட்டுநர் கைப்பிடியை விட்டால் ரயில் நின்றுவிடும், அதனால் ஆள் உள்ளேதான் இருக்க வேண்டும் என்று போலீஸ் நம்புகிறது. அந்த ஒரு முடிச்சே படத்தை இழுத்துக்கொண்டு போகிறது. கடத்தல்காரர்களுக்கு நீலம், பச்சை, சாம்பல், பழுப்பு என்று நிறங்கள்தான் பெயர். பச்சைக்குப் படம் முழுக்க ஜலதோஷம். அதை மட்டும் மறக்காமல் கடைசி ஃபிரேம் வரை எழுந்திருக்காமல் பாருங்கள்.