எலா ஃபிட்ஸ்ஜெரால்டை ஜாஸ் உலகம் ஏன் இவ்வளவு கொண்டாடுகிறது?

மேடையில் பாட்டு வரி மறந்தால் பாடகருக்குக் கை கால் உதறும். அமெரிக்கக் கறுப்பினப் பாடகி எலா அப்படி மறந்து பாடிய பாட்டுக்குக் கிராமி விருதே கிடைத்தது!

1960 பிப்ரவரி, பெர்லின். 'மேக் தி நைஃப்' பாட்டைத் தொடங்கும் முன்பே, வரிகள் நினைவில் நிற்க வேண்டுமே என்று சபையிடம் சொல்கிறார். பாதியில் மறந்தேவிடுகிறது. ஆனால் நிறுத்தவில்லை. அடுத்த வரி என்ன என்று தாளம் தப்பாமல் கேட்டுக்கொண்டே போகிறார். அதே பாட்டால் புகழ்பெற்ற பாடகர்கள் பாபி டேரின், லூயி ஆம்ஸ்ட்ராங் பெயர்களை வரிகளுக்குள் இழுத்துப் போடுகிறார். ஆம்ஸ்ட்ராங்கின் கரகரத்த குரலையும் பாடிக் காட்டுகிறார். சுருதி இம்மியும் விலகவில்லை.

இந்தத் துணிச்சல் சும்மா வந்ததல்ல. 1917இல் வர்ஜீனியாவில் பிறந்தவர். 15 வயதில் தாயை இழந்து, சீர்திருத்தப் பள்ளியில் அடைபட்டு, போக்கிடமின்றி அலைந்தார். 1934 நவம்பரில் நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியிலுள்ள அப்பல்லோ அரங்கில் நடந்த புதுமுகப் போட்டிக்கு அவர் வந்தது நடனமாட. தனக்கு முன்னால் எட்வர்ட்ஸ் சகோதரிகள் ஆடியதைப் பார்த்து மிரண்டுபோய், பாடிவிட்டார். முதல் பரிசு! பிறகு டிரம்ஸ் கலைஞர் சிக் வெப்பின் குழுவில் சேர்ந்தார். 1939இல் வெப் இறந்ததும், 22 வயதில் அந்தக் குழுவே எலாவின் பெயரில் இயங்கியது.

சொற்களை விட்டுவிட்டு வெறும் ஒலிகளால் பாடும் 'ஸ்கேட்' முறையை, டிஸ்ஸி கில்லெஸ்பியின் டிரம்பெட்டைக் கேட்டுக் கேட்டுத்தான் அவர் கூர்தீட்டிக்கொண்டார். பெர்லினில் கைகொடுத்தது அந்தப் பயிற்சிதான்.

இன்னொரு ஜாஸ் பாடகி பில்லி ஹாலிடேயின் குரலில் உள்ள வலி எலாவிடம் இல்லை என்பார்கள். உண்மைதான். அதைக் குறையென்று நான் நினைக்கவில்லை. பட்ட துன்பத்தையெல்லாம் குரலில் காட்டியே தீர வேண்டும் என்று கட்டாயமா என்ன? 1955இல், நிறப்பாகுபாடு நிலவிய ஹூஸ்டனில், வெள்ளையரும் கறுப்பரும் கலந்து உட்கார்ந்து கேட்ட கச்சேரியின்போது, ஒப்பனை அறைக்குள் போலீஸ் புகுந்து சூதாட்ட வழக்கில் அவரையும் கைது செய்தது. அத்தகைய காலத்தில்தான் அவ்வளவு உற்சாகமாகப் பாடினார்.

கேட்கத் தொடங்குபவர்கள் பெர்லின் பதிவுக்குப் பிறகு, 1956இல் ஆம்ஸ்ட்ராங்குடன் பாடிய தொகுப்பைக் கேளுங்கள். அதில் பாஸ் என்ற பெரிய தந்தி வாத்தியத்தை வாசிப்பவர் ரே பிரவுன். எலாவின் முன்னாள் கணவர். விவாகரத்தாகி மூன்று ஆண்டுகள் கழிந்திருந்தன. வாசிப்பில் ஒரு பிசிறும் இல்லை.