வெள்ளமோ புயலோ வந்தால் மருத்துவக் காப்பீட்டு நிறுவனமும் உறுப்பினரும் எதற்குத் தயாராக இருக்க வேண்டும்?

நிறுவனம் முதலில் தயாரிக்க வேண்டியது ஒரு பெயர்ப் பட்டியல்: டயாலிசிஸ் செய்துகொள்பவர்கள், வீட்டில் ஆக்சிஜன் கருவியை நம்பியிருப்பவர்கள், இன்சுலின் போடுபவர்கள். இது சர்வரில் மட்டும் இருந்தால் மின்சாரம் போன அன்றே கைக்கு எட்டாது. கடவுச்சொல்லிட்ட ஒரு பிரதி வேறு ஊரில் இருக்கட்டும். கைப்பேசி எண்களை மூன்று மாதத்துக்கு ஒருமுறை சரிபாருங்கள். எண் பழையதாக இருந்தால் எச்சரிக்கை போய்ச் சேராது.

அடுத்தது விதித் தளர்வு. முன் அனுமதி இல்லாமல் சிகிச்சை, ஒப்பந்தத்தில் இல்லாத மருத்துவமனைக்கும் பணம், அடுத்த மருந்து வாங்கும் கெடுவுக்கு முன்பே மருந்து: இவற்றை யார் கையெழுத்திட்டால் நடைமுறைக்கு வரும், எத்தனை நாள் நீடிக்கும் என்பதை இப்போதே எழுதிவையுங்கள். பேரிடர் நடக்கும்போது கூட்டம் போட்டு முடிவெடுக்க நேரம் இருக்காது.

உறுப்பினர்கள் இரண்டு வார மருந்து, மருந்துச்சீட்டு நகல், காப்பீட்டு அட்டை ஆகியவற்றை நீர்புகாப் பையில் வையுங்கள். மருந்தின் பெயரோடு அளவையும் குறியுங்கள். அளவு தெரியாவிட்டால் புது மருத்துவர் தயங்குவார்.

ஆக்சிஜன் கருவி மின்சாரத்தில் ஓடுவது. ஆகவே மாற்று சிலிண்டர் கட்டாயம். 680 லிட்டர் சிலிண்டர் நிமிடத்துக்கு 2 லிட்டர் வீதம் 340 நிமிடம், அதாவது ஐந்தரை மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாகத்தான் தாங்கும். ஒரு இரவைக்கூட அது கடத்தாது. டயாலிசிஸ் நோயாளிகள் மாற்று மையத்தின் முகவரியையும், சிகிச்சை தள்ளிப்போனால் நீரையும் உப்பையும் பொட்டாசியத்தையும் எவ்வளவு குறைப்பது என்பதையும் மருத்துவரிடம் இன்றே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.