மெழுகும் ஓர் ஊமை எழுத்தும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஆங்கிலத்தின் ‘சின்சியர்’ என்ற சொல், ‘மெழுகின்றி’ என்று பொருள்படும் ‘சினே கேரா’ என்ற லத்தீன் தொடரிலிருந்து வந்ததாக ஓர் உரையில் கேட்டேன். பளிங்கின் வெடிப்பை மெழுகால் மறைக்காத ரோமானியச் சிற்பியே நேர்மையானவன் என்றார்கள். இது உண்மையா? லத்தீன் வேர்களைக் கற்றால் ஆங்கிலம் எளிதாகுமா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

இரண்டாவது கேள்விக்கு ‘ஓரளவு’ என்பதே பதில்; அதை விட்டுவிடுவோம்.

லத்தீனில் ‘சின்கேருஸ்’ என்றால் தூயது, கலப்பற்றது. கலம் தூயதாக இல்லாவிட்டால் ஊற்றுவதெல்லாம் புளித்துவிடும் என்று கவிஞர் ஹோரஸ் எழுதும்போது கலத்துக்கு இச்சொல்லைத்தான் இடுகிறார். மெழுகைக் கொண்டுவருபவர் 4ஆம் நூற்றாண்டு உரையாசிரியர் தொனாத்துஸ்; அவர் பேசுவதோ மெழுகு நீங்கிய தேனைப் பற்றி. சிற்பி அங்கே இல்லை. அறிஞர் பலர் ஏற்கும் விளக்கத்தில் இச்சொல்லின் முற்பகுதி ‘ஒன்று’, பிற்பகுதி ‘வளர்தல்’. முன்னது ‘சிம்பிள்’ என்பதிலும், பின்னது வளர்பிறையைக் குறிக்கும் ‘கிரெசென்ட்’ என்பதிலும் இருக்கின்றன. வேறெதுவும் கலவாமல் ஒன்றாகவே வளர்ந்தது என்பது பொருள்.

அந்தக் கதையில் நீங்கள் மனம் நெகிழ்ந்ததை நான் குறை சொல்லவில்லை. ஆனால் எனக்குக் கடிதம் எழுதிய நேரத்தில் நல்ல அகராதி ஒன்றைப் புரட்டியிருக்கலாமே? கதை அழகாக இருந்தாலே அதைச் சான்றாகக் கொள்வது சோம்பல். எந்த நூற்றாண்டில், யார், எந்தப் பொருளில் எழுதினார் என்று படிப்படியாகக் காட்டுவதே சொல்வரலாறு.

நான் இதில் கடுமையாக இருப்பதற்குக் காரணம் உண்டு. சிறுவயதில் சொல்வதெழுதுதலில் ‘ஐலண்ட்’ என்பதை எஸ் இல்லாமல் எழுதினேன். காதில் விழாத எழுத்து கைக்கு வரவில்லை. அதற்காக நூறு முறை எழுதவைக்கப்பட்டேன், அழுதுகொண்டே எழுதினேன். பல ஆண்டுகளுக்குப் பிறகுதான் தெரிந்தது, பழைய ஆங்கிலத்தில் அச்சொல்லுக்கு எஸ் கிடையாது, அது லத்தீனிலிருந்து வந்ததும் அல்ல என்பது. ‘இன்சுலா’ என்ற லத்தீன் சொல்லிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்த, தீவையே குறிக்கும் ‘ஐல்’ வேறு சொல். இரண்டையும் ஒரே குடும்பமென நினைத்து, 16ஆம் நூற்றாண்டில் ‘ஐலண்ட்’ சொல்லுக்குள்ளும் எஸ்ஸைச் செருகினார்கள். கடனைக் குறிக்கும் ‘டெட்’ என்ற சொல்லில் ஊமையாக நிற்கும் பி-யும் இப்படிச் செருகப்பட்டதே என்றாலும், ‘டெபிட்டும்’ என்ற லத்தீன் மூலம் அங்கே மெய்யானது. ‘ஐலண்ட்’ சொல்லிலோ மூலமே பொய். ஒரு தவறான யூகம் எழுத்தாகவே உறைந்து, பிள்ளைகளை இன்றும் தண்டிக்கிறது.

அந்த உரையாளரை மறுபடி சந்தித்தால், எந்த ரோமானிய நூலில் அந்தச் சிற்பி இருக்கிறார் என்று பணிவாகக் கேளுங்கள். அவர் சொல்லும் பதிலை எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்