மர நிழலும் சுவர் நிழலும்

கேள்வி: மரங்கள் அடர்ந்த எங்கள் குடியிருப்பின் பூங்காவுக்குள் நுழைந்ததுமே குளுமை தெரிகிறது. நிழல்தான் காரணம் என்றால், அடுக்குமாடிக் கட்டடத்தின் நிழலில் அது ஏன் கிடைப்பதில்லை?

பதில்: நிழல் ஒரு பகுதிக் காரணம் மட்டுமே. வேர் உறிஞ்சிய நீர், பெரும்பாலும் இலைகளின் அடிப்புறத்தில் அமைந்துள்ள நுண்துளைகள் வழியே ஆவியாக வெளியேறுகிறது. ஒரு கிராம் நீர் ஆவியாவதற்குச் சுமார் 2,400 ஜூல் வெப்பம் தேவைப்படுவதால், அதை இலையிலிருந்தும் சுற்றியுள்ள காற்றிலிருந்தும் எடுத்துக்கொள்கிறது. கட்டடமோ பகலெல்லாம் வாங்கிய வெயிலைச் சேமித்து வைத்து, இருட்டிய பிறகும் வெளியே விட்டுக்கொண்டிருக்கும். மாலையில் மதில் சுவரைத் தொட்டுப் பார்த்தாலே தெரியும். ஆனால், அடிமரம் வரை சிமென்ட் பூசப்பட்ட மரத்திடம் (இதை அழகுபடுத்துதல் என்று எப்படித்தான் சொல்கிறார்களோ!) அந்தக் குளுமையை எதிர்பார்க்க முடியாது, மழைநீர் இறங்காமல் மண் காய்ந்துவிட்டால், இலை தன் துளைகளை மூடிக்கொள்ளும்.